தொட்டு நிற்பதும் ஒட்டி நிற்பதும்

ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்கட்டு எடுத்தது 1978இல். முன்கட்டு தாத்தா காலத்தது. கல்லும் செம்மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்து எழுப்பிய கனத்த சுவர். பின்கட்டுக்குச் செங்கல்லும் சிமெண்டும் வண்டியில் வந்து இறங்கின. பழஞ்சுவரோடு புதுச்சுவர் சேரும் மூலைக்கு வந்ததும் கொத்தனார் கரணையைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுத்தார். பழஞ்சுவரின் பூச்சை உரித்தார். ஒரு வரி விட்டு ஒரு வரியாகக் கல்லைப் பெயர்த்துக் குழி எடுத்தார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த என்னிடம், "பல் விட்டுக் கட்டணும் தம்பி. இல்லேன்னா ரெண்டும் தொட்டுக்கிட்டு நிக்குமே தவிர ஒட்டிக்கிட்டு நிக்காது" என்றார். குழிகளில் தண்ணீர் தெளித்து, சிமெண்ட் பால் ஊற்றி, அதன் பிறகுதான் முதல் செங்கல்லை உள்ளே செருகினார்.

பல வருடம் கழித்து, நான் ஊரில் இல்லாத நேரத்தில், அதே முன்கட்டின் மறுபக்கம் ஒரு சாமான் அறையை அவசரமாகச் சேர்த்தார்கள். பல் விடவில்லை. பழஞ்சுவரை ஒட்டிச் செங்கல்லை அடுக்கிப் பூசிவிட்டார்கள். இரண்டு ஐப்பசி மழை தாண்டியதும் உச்சியிலிருந்து அடிவரை நூல் பிடித்தாற்போல் ஒரு விரிசல் விழுந்தது. இன்றைக்கும் அதில் நாணயத்தைச் செருகலாம்.

இரண்டு புதுச்சுவர்களும் பழஞ்சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கட்டுமானப் பொறியாளனாக நான் வேலை பார்த்த முப்பத்தைந்து வருடமும் இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் திரும்பத் திரும்பச் சந்தித்தேன்.

போன பொங்கலுக்குத் தம்பி மகள் பாப்பா சென்னையிலிருந்து வந்திருந்தாள். வந்தது போடி ரயிலில். மீட்டர் கேஜ் தடத்தை 2010 கடைசியில் மூடியபோது இனி இந்தப் பக்கம் ரயில் சத்தம் கேட்குமா என்று கவலைப்பட்டவர்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து, 2023 ஜூன் 15இல் அகலப்பாதையில் ரயில் மறுபடி போடிக்கு வந்தது. அந்த ரயிலின் எடை முழுவதும் சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடங்கள் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் அந்த இடம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. வளைந்த இரண்டு பொருள்கள் அழுத்திக்கொள்ளும்போது தொடும் இடம் எவ்வளவு விரியும், அங்கே அழுத்தம் எவ்வளவு என்பதை ஜெர்மானியரான ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882இல் கையால் போட்டுக் காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி ஒளியை ஆராய்ந்தபோது அவருக்கு வந்த கேள்வி அது. ரயில் சக்கரத்துக்கும் பால்பேரிங்குக்கும் அவர் சூத்திரமே இன்றுவரை அடிப்படை. ஆனால் அது வழவழப்பான, உராய்வில்லாத, சிறிய இடத்தில் மட்டும் தொடுகிற பொருள்களுக்கானது. ஒரு சுவர் இன்னொரு சுவரின் மேல் முழுநீளமும் சாய்ந்து நின்றால் ஹெர்ட்ஸ் உதவ மாட்டார்.

ஜனவரி 15, பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் பிறந்தநாள். எங்கள் தேனி மாவட்டத்துக் கிராமங்களில் அன்றைக்கு அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். அன்று மாலை பாப்பா திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். "பெரியப்பா, இதைப் பாருங்களேன்" என்று திரையைத் திருப்பினாள். பெரியாறு அணையின் குறுக்குவெட்டு. அடியில் பாறை, அதன்மேல் பழைய அணை, பழைய அணையின் முதுகில் புதிய கான்கிரீட். மூன்றுக்கும் மூன்று நிறம். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தன் படிப்புக்காகப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

அந்த மூன்று நிறங்களும் சந்திக்கும் கோடுகளைப் பற்றித்தான் நாங்கள் இரவு பத்து மணிவரை பேசினோம்.

அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அந்த அக்டோபர் 10ஆம் தேதி சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயரம், 1,200 அடி நீளம், உச்சியில் 12 அடி அகலம், அடியில் அதைப்போல் பதினோரு மடங்குக்கு மேல். முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டு. நடுவயிறு சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல்தூளும் ஜல்லியும் கலந்த கான்கிரீட். வடிவம் முடிவானதற்குப் பின்னால் இருந்தது காகிதம், பென்சில், அளவுகோல்.

கணக்கு எளிமையானது, அழகானது. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளுகிறது, அணையின் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்த விசையின் கோடு அடித்தளத்தை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அடித்தள அகலத்தை மூன்று பங்காக்கினால் அந்தக் கோடு நடுப்பங்குக்குள் விழ வேண்டும். வெளியே போனால் தண்ணீர்ப்பக்கத்து அடி மேல்நோக்கி இழுபடும். கல்கட்டுக்கு இழுவிசை தாங்கும் சக்தி கிடையாது. பிறகு இன்னொரு சோதனை: பக்கவாட்டு விசையைக் கீழ்நோக்கிய விசையால் வகுத்து, வருகிற விடை கல்லுக்கும் பாறைக்கும் இடையிலான உராய்வு எண்ணைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதாவது அணை பாறைமேல் வழுக்குமா என்ற கேள்வி.

பாப்பாவிடம் இதைச் சொல்லும்போது எனக்கே ஒன்று உறைத்தது. அந்தக் காலத்துக் கணக்கிலும் ஒரு தொடுபரப்பு இருந்திருக்கிறது. அணை முழுவதும் ஒரே கல். அது தொடும் இடம் பாறை ஒன்றுதான். அங்கே உராய்வு இவ்வளவு. தொடுபரப்பைப் பற்றி எடுத்துக்கொண்ட முடிவு ஒரே வரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருந்தது.

அந்தக் காலத்துக் கணக்கில் விடுபட்ட ஒன்றும் உண்டு. அணைக்கு அடியில், கட்டின் இடுக்குகளில் நுழைகிற தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும். 1895 ஏப்ரல் 27 அன்று பிரான்ஸில் பூசே என்ற அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிடைமட்டமான ஓர் இடுக்கில் தண்ணீர் புகுந்து, மேலிருந்த கட்டை எடையிழக்கச் செய்து சாய்த்திருந்தது. அந்த ஆண்டில்தான் மோரிஸ் லெவி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், இடுக்கில் புகும் நீரின் அழுத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் நம் அணை திறக்கப்பட்டுவிட்டது. அதனால் பெரியாறு அணையின் வடிவக் கணக்கில் இந்த மேல்தள்ளு இடம்பெறவில்லை. அது அந்தப் பொறியாளர்களின் குற்றமில்லை. அன்றைக்கு அணை கட்டியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

எண்பது வருடம் கழித்து அந்தக் கடன் திரும்பி வந்தது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வியில் அணை உடைந்து பேரழிவு நேர்ந்தது. பெரியாறு அணை நிற்கிற கேரளத்தில் அச்சம் எழுந்தது. 152 அடி தேக்கிய பெரியாறு அணையில் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. மத்திய நீர் ஆணையத்தின் யோசனைப்படி பலப்படுத்தும் வேலைகள் தொடங்கின. உச்சியில் கம்பி கட்டிய கான்கிரீட் தொப்பி. அணையைத் துளைத்து அடிப்பாறைவரை இறக்கி 120 டன் விசையில் முறுக்கிய இரும்பு வடங்கள். அணையின் முதுகில் 10 மீட்டர் அகலத்துக்குப் புதிய கான்கிரீட். பழையதும் புதியதும் கவ்விக்கொள்ளப் பிடிப்புப் பள்ளங்கள் வைத்தார்கள். கசிவுநீர் வெளியேற உள்ளே வடிகால் சுரங்கங்கள் விட்டார்கள். எங்கள் கொத்தனார் பல் விட்டுக் கட்டியதன் பிரம்மாண்ட வடிவம்தான் அது.

இப்போது அடித்தளப் பாறையைத் தவிர இன்னொரு தொடுபரப்பு பிறந்துவிட்டது. சுண்ணாம்புக் கட்டும் சிமெண்ட் கான்கிரீட்டும் சந்திக்கிற, அணை உயரத்துக்கு நீளும் ஒரு சாய்ந்த பரப்பு. அதை ஒரே வரியில் எழுதித் தீர்க்க முடியாது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இரண்டு இலவம்பலகையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரே தடிமனுள்ள இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் உட்காருங்கள். வளையும்போது மேல்பலகையின் அடிப்புறம் கீழ்ப்பலகையின் மேற்புறத்தின் மீது வழுக்குவதை ஓரத்தில் பார்க்கலாம். அதே பலகைகளை நன்றாகப் பசையிட்டு ஒட்டிக் காயவிட்டு உட்காருங்கள். முன்பு வளைந்ததில் கால்பங்குதான் வளையும். மரம் அதேதான், எடை அதேதான். இடையில் வழுக்கல் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே நான்கு மடங்கு வித்தியாசம் செய்கிறது.

இப்படிப்பட்ட பரப்புகளைக் கணக்கில் கொண்டுவரக் கணினி வேண்டும். 1980களின் முதல் பாதியில் மேற்படிப்புக்குச் சென்னை போனபோதுதான் ஃபைனைட் எலிமென்ட் என்ற பெயரை முதன்முதலில் கேட்டேன். ஐஐடியில் 1973 முதல் ஓடிக்கொண்டிருந்த ஐபிஎம் 370 கணினிக்கு நாங்கள் துளையட்டைக் கட்டுகளைச் சுமந்துபோவோம். ஓர் அட்டைக்கு ஒரு வரி. இன்று கொடுத்தால் நாளை அச்சடித்த தாள் வரும். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் நாளைய தாளில் பிழை அறிவிப்பு மட்டும் இருக்கும்.

முறை இதுதான். அணையைப் போன்ற ஒரு பெரிய உடலைச் சிறு முக்கோணங்களாகவும் கட்டங்களாகவும் வெட்டிக்கொள்வது. அவை சேரும் முனைகளுக்கு நோடு என்று பெயர். ஒவ்வொரு நோடும் எவ்வளவு நகர்கிறது என்பதே தெரியாத எண். கூறு எனப்படும் ஒவ்வொரு துண்டின் விறைப்பையும் எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைக் கணினியைத் தீர்க்கச் சொல்வது. இந்த முறைக்கு 1960இல் அந்தப் பெயரை வைத்தவர் பெர்க்லியில் இருந்த ரே கிளஃப். அவரும் எட்வர்ட் வில்சனும் அதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது ஓர் அணைக்குத்தான்: அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து நார்ஃபோர்க் அணை. அதில் ஒரு செங்குத்து விரிசல் விழுந்திருந்தது. விரிசலோடு அந்த அணை எப்படி நிற்கிறது என்பதே கேள்வி. உலகத்துக்கு இந்த முறையை நம்பவைத்தது விரிசல் விட்ட ஓர் அணை என்பது எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடும் செய்தி.

விரிசலைக் காட்ட ஒரு வழி உண்டு. கோட்டின் இரண்டு பக்கமும் தனித்தனி நோடு வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் தனியாக நகரும். ஆனால் நிஜத்தில் விரிசல் திறக்கும், மூடும், மூடியபின் உரசும். தனித்தனி நோடு வைத்தால் ஒரு பக்கம் மறுபக்கத்துக்குள் புகுந்து போனாலும் கணினிக்குத் தெரியாது. ஒரே நோடாக வைத்தால் விரிசலே இல்லை. 1968இல் ரிச்சர்ட் குட்மேன், ராபர்ட் டெய்லர், தோர் ப்ரெக்கே மூவரும் பாறை இடுக்குகளுக்காக ஒரு புதுவிதக் கூறை எழுதினார்கள். தடிமனே இல்லாத கூறு. இரண்டு பக்கத்து நோடுகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, அழுத்தினால் இவ்வளவு எதிர்ப்பு, வழுக்கினால் இவ்வளவு எதிர்ப்பு, இழுத்தால் எதிர்ப்பே இல்லை என்று மட்டும் சொல்லும். இரண்டு பரப்புகள் தொடுவதைக் கணக்கிடும் இன்றைய காண்டாக்ட் எலிமென்ட்களுக்கு அது ஒரு முன்னோடி.

நாங்கள் அதை எழுத முயன்றோம். ஒரு பரப்பில் இருபது ஜோடி நோடுகள் என்றால் இருபதையும் கையால் எண்ணி அட்டையில் அடிக்க வேண்டும். எந்த நோடு எந்த நோடைப் பார்த்து நிற்கிறது, அவற்றுக்கிடையே எந்தத் திசை செங்குத்து என்பதெல்லாம் தலையில் இருக்க வேண்டும். முடிவு வந்தபின் எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தாளில் தேடி, திறந்தவற்றின் அட்டையை மாற்றி மறுபடி கொடுக்க வேண்டும். ஒரு சிறு கணக்குக்கு இரண்டு வாரம் ஆனது. ஆனால் அந்த இருபது ஜோடியும் எனக்கு இன்றும் மனப்பாடம்.

அந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் பின்னாளில் நான் ஒரு தவறு செய்தேன். நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில், ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்ப் அறையின் அடித்தளத்தை அகலப்படுத்தும் கணக்கு என்னிடம் வந்தது. பழைய அடித்தளத்துக்கும் புதியதுக்கும் பொதுவான நோடு வைத்துவிட்டேன். நேரம் இல்லை, எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கணக்கில் எல்லாம் பொருந்தியது. ஒரு வருடத்துக்குள் பழையதும் புதியதும் சேரும் கோட்டிலேயே தளம் பிளந்தது. போய்ப் பார்த்தபோது பழைய கான்கிரீட்டின் முகம் வழவழவென்று இருந்தது. யாரும் கொத்திவிடவில்லை. சொரசொரப்பாக்கச் சொல்லி வரைபடத்தில் நானும் எழுதவில்லை, ஏனென்றால் என் கணக்கில் அப்படி ஒரு பரப்பே இல்லை.

இப்போது திண்ணைக்கு வருவோம்.

பாப்பா குறுக்குவெட்டை உள்ளே இழுத்ததும் மென்பொருள் தானாகவே தேடியது. எந்தெந்த முகங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன என்று கண்டுபிடித்து இரண்டு காண்டாக்ட் ஜோடிகளை உருவாக்கிவிட்டது: பாறையும் அணையும், பழைய அணையும் புதுக் கான்கிரீட்டும். நான் இரண்டு வாரம் செய்ததை ஒரு நொடியில் செய்தது. நான் மலைத்துப் போனேன், மறைக்கவில்லை. பிறகு பட்டியலைத் திறந்து காட்டச் சொன்னேன். இரண்டு ஜோடிக்கும் நேராக "பாண்டட்" என்று இருந்தது. ஒட்டியது என்று அர்த்தம்.

"இதை நீ போட்டியா தாயி?"

"இல்ல பெரியப்பா, அதுவே அப்படித்தான் வைக்கும். நாமதான் மாத்தணும்."

இந்த இடத்தில்தான் அன்றும் இன்றும் பிரிகின்றன. பென்னிகுவிக் காலத்தில் தொடுபரப்பைப் பற்றிய முடிவு பொறியாளர் தன் கையால் எழுதிய வரி. என் காலத்தில் அது அட்டையில் குத்திய ஜோடி, அல்லது சோம்பலால் குத்தாமல் விட்டது. இன்று யாரும் எழுதாமலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. ஆன்சிஸ் போன்ற மென்பொருள்களில் ஐந்து வகை வைத்திருக்கிறார்கள். பாண்டட் என்றால் பிரியாது, வழுக்காது. நோ செப்பரேஷன் என்றால் பிரியாது, ஆனால் சற்று வழுக்கும். ஃப்ரிக்ஷன்லெஸ் என்றால் தாராளமாக வழுக்கும், பிரியும். ரஃப் என்றால் பிரியலாம், வழுக்காது. ஃப்ரிக்ஷனல் என்றால் நாம் கொடுக்கும் உராய்வு எண்வரை தாங்கி, அதற்குமேல் வழுக்கும். தொடாமல் விட்டால் முதல் வகைதான் ஓடும். அப்படி ஓடுகிற கணக்கில் எங்கள் வீட்டுச் சாமான் அறைச் சுவர் விரிசலே விடாது.

அவள் இரண்டாவது ஜோடியை ஃப்ரிக்ஷனலாக மாற்றினாள். உராய்வு எண் 0.7 என்று அடித்தாள். எங்கிருந்து வந்தது என்றேன். பாடப்புத்தகத்திலிருந்து என்றாள். பாடப்புத்தகத்து எண் பயிற்சிக்குச் சரி. நிஜ அணைக்கு அது, பழைய கட்டிலிருந்து புதிய கான்கிரீட்வரை ஊடுருவித் துளையிட்டு எடுத்த உருளையை, சேர்ந்த இடத்தில் வெட்டுவிசை கொடுத்து உடைத்துப் பார்த்துத்தான் வர வேண்டும். டெல்லியில் உள்ள மத்திய மண் மற்றும் பொருள் ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் அதற்கான கருவிகள் இருக்கின்றன. உருளை எடுக்கும்போதே சேர்ந்த இடத்தில் இரண்டாகக் கழன்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கணினிக்குள் நடப்பதையும் அவள் விளக்கினாள். ஒரு பக்கத்துக்குக் காண்டாக்ட் என்று பெயர், மறுபக்கத்துக்கு டார்கெட். மென்மையான, நுண்ணிய வலையுள்ள பக்கம் காண்டாக்ட். விறைப்பான, பெரிய கட்டமுள்ள பக்கம் டார்கெட். ஒவ்வொரு சுற்றிலும் காண்டாக்ட் புள்ளிகள் எதிர்ப்பக்கத்துக்குள் எவ்வளவு புகுந்திருக்கின்றன என்று பார்த்து, அதற்கேற்ற விசையால் வெளியே தள்ளும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வில் போல. அந்த வில்லின் விறைப்பைக் குறைவாக வைத்தால் கான்கிரீட் கல்லுக்குள் அமிழ்ந்துவிடும். அதிகமாக வைத்தால் புள்ளிகள் ஒரு சுற்றில் தொட்டு மறுசுற்றில் துள்ளி, முடிவுக்கே வராது. அவள் முதலில் ஓட்டியது அப்படித்தான் நின்றுபோனது. "கன்வர்ஜ் ஆகல பெரியப்பா" என்று முகம் வாடினாள். பெரும்பாலோர் அந்த நேரத்தில்தான் அலுத்துப்போய்ப் பாண்டடுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவள் திரும்பவில்லை. வலையை நுணுக்கி, சுமையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கொடுத்து, எட்டரை மணிக்கு ஓட்டி முடித்தாள்.

முடிந்ததும் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தோம். ஒட்டிய கணக்கில் நிறங்கள் பழைய அணையிலிருந்து புதிய கான்கிரீட்டுக்குத் தடையின்றி ஓடின. உராயும் கணக்கில் கோட்டருகே நிறம் முறிந்தது. தண்ணீர்ப்பக்கத்து அடியில் இழுவிசை கூடுதலாகத் தெரிந்தது. அணை பத்திரமா இல்லையா என்று சொல்லும் கணக்கில்லை இது. அதற்கான சோதனை எண் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஒரே வடிவம், ஒரே சுமை, ஒரே மென்பொருள். ஒரு சொல்லை மாற்றியதும் படம் மாறுகிறது என்பதை மட்டும் அது காட்டியது.

பிறகுதான் நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "கான்கிரீட் ஊத்தின அன்னைக்கு அணையில தண்ணி இருந்துச்சா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மென்பொருள் இதைக் கேட்கவே கேட்காது. பழைய அணை எண்பது வருடத்துக்கு மேல் தன் எடையையும் தண்ணீரின் தள்ளலையும் தனியாகத் தாங்கி, அதற்கேற்ப அமுங்கி, சாய்ந்து நிலைகொண்டுவிட்டது. அதன் பிறகு முதுகில் கான்கிரீட் ஊற்றுகிறோம். ஊற்றும் நேரத்தில் இருந்த சுமையில் ஒரு கிலோவைக்கூடப் புதுக் கான்கிரீட் வாங்கிக்கொள்ளாது. அதற்குப் பின் கூடும் சுமையில்தான் அது பங்கு போடும். 136 அடியில் தண்ணீர் நின்றால் அணையின் ஒரு மீட்டர் நீளத்தை அது தள்ளுவது சுமார் 859 டன். நீதிமன்றம் பின்னாளில் அனுமதித்த 142 அடியில் சுமார் 937 டன். உயரம் 100க்கு 4.4 பங்கு கூடினால் தள்ளல் 9 பங்கு கூடுகிறது. 136 அடி நிற்கும்போது ஊற்றியதாக வைத்துக்கொண்டால், 142க்கு ஏறும்போது புதியதும் பழையதும் பகிர்ந்துகொள்வது நடுவிலுள்ள 78 டன்னைத்தான். முழு 937 டன்னையும் முதல்நாளே இரண்டும் சேர்ந்து சுமந்ததாகக் கணக்குப் போட்டால் பழைய கட்டின் பாரம் பொய்யாகக் குறைந்து தெரியும். ஊற்றிய கான்கிரீட் ஆறும்போது சுருங்கும், பழைய முகத்தை விட்டுச் சற்று விலகப் பார்க்கும். அந்த இடைவெளியில் கசிவுநீர் தேங்கினால் பூசேயில் நடந்ததுபோல் அது தள்ளும். வடிகால் சுரங்கம் வைத்தது அதற்காகத்தான். இவை எல்லாவற்றையும் இன்றைய மென்பொருளில் சொல்ல முடியும். கான்கிரீட் கூறுகளை முதலில் அணைத்து வைத்துப் பிறகு உயிர்ப்பிக்கும் வசதி இருக்கிறது. இடுக்கில் நீரழுத்தம் கொடுக்கும் வசதி இருக்கிறது. என் துளையட்டைகளால் இதில் பாதிகூட முடிந்திருக்காது. இன்றைய கருவி அன்றையதைவிடப் பல மடங்கு உயர்ந்தது என்று மனமாரச் சொல்கிறேன். கொத்தனாரிடமும் அட்டை குத்தியவனிடமும் இருந்த ஒன்றை மட்டும் அது நமக்காகச் செய்யாது. அந்தக் கோட்டின் முன்னால் நின்று, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியவர் நாமேதான்.

இது எங்கள் ஊருக்குத் தூரத்து விவகாரமில்லை. லோயர்கேம்பிலிருந்து புறப்படும் 18ஆம் கால்வாய் உத்தமபாளையம், போடி வட்டத்துக் கண்மாய்களுக்காக வெட்டியது. அணையில் தண்ணீர் இருந்தால்தான் அதில் தண்ணீர். மறுபக்கம், விடியும்முன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற எங்கள் பெண்கள் பகல் முழுக்க இருப்பது கேரள மண்ணில். அங்கேயும் நம் உறவு ஜனம் வாழ்கிறது. அணையின் கீழ்ப்பக்கத்து அச்சமும் எங்களுக்கு அந்நியமில்லை.

2009இல் கேரள அரசுக்காக ரூர்க்கி ஐஐடி செய்த ஆய்வு, பெரிய நிலநடுக்கத்தில் அணை தாங்காது என்றது. உச்ச நீதிமன்றம் 2010இல் நியமித்த நீதிபதி ஆனந்த் குழு, பல மத்திய நிறுவனங்களின் சோதனைகளையும் கணக்குகளையும் வாங்கிப் பார்த்து, அணை பத்திரமானது என்றது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு 142 அடியை உறுதி செய்தது. அந்த நவம்பரில் 35 வருடத்துக்குப் பிறகு தண்ணீர் அந்த அளவைத் தொட்டது. தீர்ப்பை நான் மதிக்கிறேன், என் மாவட்டத்துக்காக மகிழ்ந்தேன். ஆனால் ஒரே அணைக்கு இரண்டு கணக்குகள் இரண்டு விடை சொல்லும்போது, இரண்டும் எந்தெந்த அனுமானத்தில் நின்றன என்பதைப் பொதுஜனம் படிக்கும் மொழியில் யாரும் எடுத்து வைக்கவில்லை. செய்தித்தாள்களில் வந்தது முடிவுகள் மட்டும். 2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரிய அணைகளுக்கு முழுமையான பாதுகாப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இனியும் கணக்குகள் வரும், வண்ணப் படங்கள் வரும்.

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் இன்று எத்தனையோ பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இதே மென்பொருளில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அணை என்றில்லை, பாலம், காற்றாலை, கார் கதவு, செயற்கை இடுப்பு மூட்டு என்று அவர்கள் போடும் கணக்கு எதிலும் ஓரிடத்திலாவது ஒன்று இன்னொன்றைத் தொடும். அவர்களிடம் நான் கேட்பது இது. வண்ணப் படத்துக்கு முந்தைய பக்கத்தில், உங்கள் மாதிரியில் எது எதைத் தொடுகிறது, ஒவ்வொன்றையும் ஒட்டியதாக வைத்தீர்களா உராய்வதாக வைத்தீர்களா, உராய்வு எண் எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். மென்பொருள் தானாக வைத்ததை அப்படியே விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். மக்கள் கீழே வாழ்கிற அணையின் கணக்காக இருந்தால், அந்த ஒரு பக்கத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள்.